கற்பித்தல் உரிமம் தனி

மூன்று படிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஐந்து மணிக்குள் பட்டியல் மாவட்ட அலுவலகத்துக்குப் போயாக வேண்டும் என்று தலைமையாசிரியர் சவரிமுத்து வந்து நின்றபோது மணி நாலேகால். சுற்றறிக்கை வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. பதினெட்டு நாளும் அது அவர் மேசையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது. இப்போது வந்து அவசரப்படுத்துகிறார் மனிதர்.

"எதையாவது ஒண்ண டிக் பண்ணுங்க டீச்சர். மூணுமே கம்ப்யூட்டர் பாதுகாப்புதான."

செண்பகவல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் நாற்பது நிமிடம் போனால் வரும் நல்லமுத்தூரில், பெண்கள் படிக்கும் அந்த அரசுப் பள்ளியில், இருபத்தோரு வருடமாகக் கணினி ஆசிரியை அவள். கோபம் வந்தால் கரும்பலகையைத் துடைப்பாள். சுத்தமாக இருக்கிற பலகையைக்கூடத் துடைப்பாள். இப்போதும் டஸ்டரை எடுத்துக்கொண்டாள்.

"எதையாவதுன்னா எப்படி சார்? மூணும் மூணு விதம்."

சுற்றறிக்கையை அவர் மேசையில் பார்த்துவிட்டு, மூன்றையும் ஒரு வாரமாக அலசிப் பார்த்திருந்தாள். முதலாவது மதுரையில், ஞாயிறுதோறும் வகுப்பு, பதினோரு மாதம். புத்தகம் படித்து, பூட்டுகளை உடைத்துப் பார்த்து, தேர்வு எழுதி வாங்குகிற சான்றிதழ். இரண்டாவது வீட்டிலிருந்தே திரையைப் பார்த்து நாலு விடையில் ஒன்றைத் தொடுகிற படிப்பு. அதை முடித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது விழிக்காவல் என்ற நிறுவனத்துடையது. நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு தினமும் காலையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தால் போதும், இருபத்தோரு நாளில் அறிவு மண்டைக்குள் இறங்கிவிடும். இரண்டாயிரத்து நாற்பத்தொன்றில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. லாரி ஓட்டவும் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கவும் ஆட்கள் பட்டை கட்டித்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

அவள் மனசு முதல் படிப்பின்மேல்தான் இருந்தது. ஆனால் அடுத்த வகுப்பு ஜூன் மாதம்தான் தொடங்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மார்ச்சில் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள். ஜெபஷீலாவோ ஏற்கெனவே போய்விட்டாள்.

ஜெபஷீலா பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவு. ஜூலையில் எவனோ அவள் கைபேசிக்குள் நுழைந்து படங்களை எடுத்து, அவள் முகத்தை வேறு உடம்புகளில் ஒட்டி ஊர் முழுக்கப் பரப்பிவிட்டான். அப்பா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். பார்க்கப் போன செண்பகவல்லியை அவள் அம்மா உள்ளே கூப்பிடவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீங்க கம்ப்யூட்டர் டீச்சர்தான. எம்பிள்ள போனுக்குள்ள எப்படிப் போனான்னு நீங்களாவது சொல்லுங்க."

செண்பகவல்லிக்குச் சொல்லத் தெரியவில்லை. 'கடவுச்சொல் வலுவாக இருக்க வேண்டும், அதை யாரிடமும் பகிரக் கூடாது' என்று இருபத்தோரு வருடமாக நோட்ஸ் கொடுத்துவந்தவளுக்கு, அதற்குமேல் ஒரு வரி தெரியவில்லை. அன்றைக்கு அவள் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. எவன் செய்தான், எப்படிச் செய்தான் என்று கண்டுபிடித்து, அதை வகுப்பில் உள்ள முப்பத்தேழு பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். இந்த மார்ச்சுக்குள் வேண்டும். அதனால் மூன்றாவது.

திரையில் அறுபத்து நான்கு பக்கத்துக்கு நிபந்தனைகள் வந்தன. சவரிமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். 'வாசிக்காமல் சம்மதம் அழுத்தாதே' என்று கணினி அறைக் கதவில் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தவளே இவள்தான். அந்தக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துதான் சம்மதம் என்று அழுத்தினாள்.

"அப்படியே இன்னைக்கு என் வருகையையும் போட்டு விட்டுருங்க டீச்சர். என் பாஸ்வேர்டு என்னது?"

"காலண்டர்ல இருக்கு சார். போட்டுருதேன்."

அது அந்தப் பள்ளியின் நடைமுறை. வருகைப் பதிவு, சத்துணவுக் கணக்கு, வீட்டுப்பாடம் என்று அரசாங்கம் எதையெடுத்தாலும் செயலியில் ஏற்றச் சொல்லும். பதினான்கு ஆசிரியர்களும் செண்பகவல்லி தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். பதினான்கு பாஸ்வேர்டை யார் மனப்பாடம் செய்வது? ஆசிரியர் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் மாதக் காலண்டரின் ஓரத்தில், தன்னுடையதையும் சேர்த்துப் பதினைந்தையும் குண்டு குண்டான எழுத்தில் எழுதிவைத்திருந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் காலை, பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பள்ளியின் கணினி முன்னால் உட்கார்ந்தாள். எந்தப் பதிவைத் திறக்க வேண்டும், எதை எதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று விரல்களுக்குத் தெரிந்திருந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஜூன் மாதம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்து, ஒரு நாள் முழுக்க ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அச்சடித்துக்கொண்டிருந்தானே, வாயில் பாக்கை மென்றுகொண்டு, அக்கா அக்கா என்று குழைந்துகொண்டு, அவன்தான். அவனுக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

அவன் போன வழி முழுதும் தெரிந்தது. எழுந்து ஆசிரியர் அறைக்குப் போய், கதவுக்குப் பின்னால் இருந்த காலண்டரைக் கழற்றி நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"மாசம் முடியலையே டீச்சர்" என்றார் சவரிமுத்து.

"ஆணி ஆடுது சார். விழுந்துரும்."

அன்று மாலையே காவல் நிலையத்துக்குப் போனாள். சார்பு ஆய்வாளர் கற்பகவடிவு அவளைவிடப் பத்து வயது இளையவள். புகார்க் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க டீச்சர், ஆளு யாரு?" என்றாள்.

பேரைச் சொன்னாள். அது வந்தது.

"எப்படிச் செஞ்சான்?"

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். 'முதலில்' என்று ஆரம்பித்தாள். அடுத்த சொல் இல்லை. நமக்கெல்லாம் அடுக்களைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்கிற நேரம் ஒன்று உண்டே, அதேதான். தெரியும், நன்றாகத் தெரியும். சொல்லப் போனால் நழுவுகிறது. பேனாவை வாங்கி எழுதப் பார்த்தாள். 'அவன்' என்ற சொல்லோடு கை நின்றது.

கற்பகவடிவு பெருமூச்சு விட்டாள். "நீங்களும் அந்தப் பட்டையா? எங்க சைபர் பிரிவுலயும் எல்லாரும் அதத்தான் கட்டியிருக்காங்க. யாரு செஞ்சான்னு பட்டுன்னு சொல்லுதாங்க. எப்படின்னு கேட்டா திருதிருன்னு முழிக்காங்க. எப்படின்னு எழுதாம கோர்ட்டுல எதுவும் நிக்காது டீச்சர். அந்தக் கம்பெனிக்காரன் ஒரு ஆள அனுப்பி விளக்குனாத்தான் உண்டு. அவன் பெரிய ஆளுங்க கேஸுக்குத்தான் வருவான்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக விழிக்காவல் உதவி எண்ணை அழைத்தாள். நிரஞ்சன் என்று ஒரு பையன் பேசினான். சென்னைக் குரல். மரியாதைக்குக் குறைச்சலில்லை.

"அது கோளாறு இல்ல மேடம். நீங்க வாங்கினது பயன்பாட்டு உரிமம். கற்பித்தல் உரிமம் தனி."

"நான் யாருக்கும் பாடம் எடுக்கலப்பா. போலீஸ்ல ஒரு பிள்ளைக்காகச் சாட்சி சொல்லுதேன்."

"விளக்கம் எல்லாமே கற்பித்தல்தான் மேடம். கேக்குறவங்களுக்குப் புரிஞ்சிடுச்சுன்னா அது கற்பித்தல். முப்பத்தொன்பதாம் பக்கத்துல இருக்கு, நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்க."

"நான் டீச்சர்னு அந்தப் படிவத்துல போட்டிருக்கேன். பாத்தியா இல்லையா?"

"பாத்தோம் மேடம். அதனாலதான் உங்களுக்குப் பூட்டு கொஞ்சம் இறுக்கமா வச்சிருக்கோம்."

செண்பகவல்லி வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டாள். பிறகு, அந்தக் கற்பித்தல் உரிமத்தையாவது பள்ளிக்குத் தருவீர்களா என்று கேட்டாள்.

"உங்க மாவட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு தனியார் பள்ளி மொத்தமா எடுத்துட்டாங்க மேடம். இன்னும் அஞ்சு வருஷத்துக்கு அங்க வேற யாரும் கத்துக்குடுக்க முடியாது. வேற எதாவது உதவி வேணுமா?"

ஒரு டீச்சரின் மண்டைக்குள் பாடத்தை ஏற்றிவிட்டு வாயைத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். கேட்டால் முப்பத்தொன்பதாம் பக்கமாம். இந்தப் பாவிகளை என்ன செய்தால் தகும்?

மறுநாள் வகுப்பில் என்னென்னவோ செய்து பார்த்தாள். படம் வரைந்து காட்டலாம் என்றால் சாக்பீஸ் கோட்டுக்கு நடுவில் நின்றது. கதைபோலச் சொல்லலாம் என்றால் கதை மறந்தது. பிள்ளைகள் முப்பத்தேழு பேரும் டீச்சருக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பலகையைத் துடைத்தாள். மணி அடிக்கும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்படியே மூன்று மாதம் போனது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்து, விடைத்தாள் கட்டு வந்தது. காலியாக இருந்த ஒரு பாடவேளையில், சவரிமுத்துவைத் திட்டிக்கொண்டே திருத்தினாள். பத்தாவது கேள்வி, கைபேசிக்குள் அந்நியர் எவ்வாறு நுழைகிறார்கள் என்பது. மாரிஸ்ரீ என்ற பிள்ளை, பாடநூலில் இருந்த ஐந்து வரியை அப்படியே ஒப்பித்து எழுதியிருந்தாள். செண்பகவல்லியின் சிவப்புப் பேனா முதல் வரிக்குத் தப்பு போட்டது. இரண்டாவதற்குத் தப்பு. மூன்றாவதற்கு ரைட். நாலாவதில் ஒரு சொல்லை அடித்துவிட்டுப் பாதி ரைட். பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கை எங்கேயும் நிற்கவில்லை.

திரும்ப அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். பாடநூல் சொன்னது தப்பு. அதைத் தப்பு என்று போட்டது பாடநூலில் இல்லாத, பட்டை கொடுத்த அறிவு. பூட்டு அதை விட்டுவிட்டது.

ஏன் விட்டது? அவளுக்குப் புரிந்தவரை, அந்தப் பூட்டு அவள் வாக்கியம் கட்டுவதைத்தான் காவல் காத்தது. தப்பும் ரைட்டும் வாக்கியம் இல்லை. இருபத்தோரு வருடமாகக் கட்டுக்கட்டாகத் திருத்திய கை அது. சிந்திக்கிற மண்டையைக் கேட்காமலே திருத்தும், பக்கத்தில் நடக்கிற சண்டையைக் கேட்டுக்கொண்டே திருத்தும். கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து பூட்டு செய்தவன் எவனும் அரசுப் பள்ளி டீச்சர் பேப்பர் திருத்துவதைப் பார்த்ததில்லை போல.

ஜனவரியில் பள்ளி திறந்த அன்றே ஆரம்பித்தாள். "ஆளுக்கு ஒரு தாள எடுங்கடி. ஒரு போனுக்குள்ள எப்படிப் போவான், எப்படி வெளிய வருவான், எங்க தடயம் இருக்கும். தெரிஞ்சத எழுதுங்க. தெரியாததையும் எழுதுங்க. வாய்க்கு வந்தத எழுதுங்க."

"தப்பா எழுதுனா அடிப்பீங்களா டீச்சர்?"

"தப்பா எழுதாட்டிதான் அடிப்பேன்."

தினமும் எழுதினார்கள். தினமும் தப்பும் ரைட்டும் போட்டுக் கொடுத்தாள், அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பு விழுந்த வரியை விட்டுவிட்டு ரைட் விழுந்த வரியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் ஒருவர் தாளை ஒருவர் வாங்கி ஒப்பிட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்தார்கள். டீச்சர் வாய் திறக்க மாட்டார், பேனாதான் பேசும் என்பதை அவர்களாகவே புரிந்துகொண்டார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம், கட்டை எண்ணியபோது முப்பத்தெட்டுத் தாள் இருந்தது. ஒன்றில் பெயர் இல்லை. அந்தச் சாய்ந்த கையெழுத்தை செண்பகவல்லிக்குத் தெரியும். ஜெபஷீலாவின் தெருவில்தான் மாரிஸ்ரீ வீடு. செண்பகவல்லி நிமிர்ந்து மாரிஸ்ரீயைப் பார்த்தாள். அவள் குனிந்து பெஞ்சைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் அந்தத் தாளையும் கையில் எடுத்தாள். மற்றத் தாள்களைப்போலவே திருத்தி, கட்டின் அடியில் வைத்துக் கொடுத்தாள்.

மற்றவர்களுக்கு அது பயிற்சி. ஜெபஷீலாவுக்கு அது தனக்கு நடந்தது. அவள் தாள் மளமளவென்று முன்னேறியது. பிப்ரவரி முதல் வாரத்தில் அவள் எழுதிய ஒன்பது வரியில் எட்டுக்கு ரைட் விழுந்துவிட்டது. அவன் எந்த வழியாக உள்ளே வந்தான் என்ற முதல் வரி மட்டும் நிற்கவில்லை. வாட்சப்பில் வந்த இணைப்பு என்று எழுதினாள், தப்பு. ரீசார்ஜ் கடையில் கொடுத்தபோது என்று எழுதினாள், தப்பு. சித்தப்பா மகன் விளையாட வாங்கியபோது, தப்பு.

அத்தனையும் உண்மையிலேயே தப்புதான். ஆனாலும் ஒவ்வொரு தப்பு போடும்போதும் செண்பகவல்லிக்கு நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னைத்தானே நாலு அறை அறையலாம்போல இருந்தது. காலண்டர் இன்னும் அவள் பீரோவில், புடவைக்கு அடியில் கிடந்தது. சொல்லத்தான் முடியாதே, பூட்டு இருக்கிறதே என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சவரிமுத்து காதுக்கும் விஷயம் போயிருந்தது. "பிள்ளைகளுக்கு நல்லது பண்ணுதீங்க டீச்சர், வேண்டாங்கல. நம்ம ஸ்கூல் பேரு மட்டும் வராமப் பாத்துக்கோங்க. மெமோ, சஸ்பென்ஷன்னு அலைய முடியாது."

"பிள்ள பேரு ஊரெல்லாம் நாறுனப்ப நீங்க எங்க சார் இருந்தீங்க?"

கேட்டுவிட்டாளே தவிர, அவர் சொன்னதைத்தான் தானும் இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அதனாலேயே கோபம் இரண்டு மடங்காக வந்தது. பலகை தேய்ந்துவிடும்போலத் துடைத்தாள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, கற்பகவடிவு போன் செய்தாள். "டீச்சர், அந்தப் பிள்ள ஸ்டேஷனுக்கு வந்திருக்கு. எழுதித் தாரேங்குது. நீங்க வந்தாத்தான் சரியா வரும்."

போனபோது ஜெபஷீலா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மாரிஸ்ரீ. ஏழு மாதத்தில் ஜெபஷீலா இளைத்திருந்தாள். டீச்சரைப் பார்த்து எழுந்து நின்றவள், வணக்கம் சொல்லிவிட்டு, கற்பகவடிவிடம் திரும்பி விளக்க ஆரம்பித்தாள். அவன் என்ன அனுப்பினான், அது எங்கே போய் உட்கார்ந்தது, படங்களை எந்த வழியாக எடுத்தான், எந்தப் பதிவில் அது இன்னும் இருக்கிறது. தடங்கல் இல்லாமல், கோர்வையாக, ஒவ்வொரு கேள்விக்கும் நின்று பதில் சொன்னாள். கற்பகவடிவு இரண்டு இடத்தில் திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு, "இப்ப எனக்கே புரியுது" என்றாள்.

செண்பகவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. எவன் பூட்டினாலும் பூட்டட்டும், பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஆனா இது பிள்ள எழுதுனது டீச்சர்" என்றாள் கற்பகவடிவு. "சான்றிதழ் உங்ககிட்டதான இருக்கு. இது சரின்னு நீங்க குறி போட்டாத்தான் கோர்ட்டு ஏத்துக்கும்."

தாள் அவள் முன்னால் வந்தது. பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஒன்பது வரி. வழக்கமாக மேலிருந்து வருகிறவள், இன்றைக்கு முதல் வரி கண்ணில் பட்டதும் கீழேயிருந்து ஆரம்பித்தாள். ஒன்பதாவதிலிருந்து இரண்டாவதுவரை எட்டு ரைட் போட்டுவிட்டு, முதல் வரியில் பேனாவை வைக்காமல் நிறுத்தினாள்.

'ஆசிரியர் அறைக் கதவுக்குப் பின்னால் உள்ள காலண்டரில் செண்பகவல்லி டீச்சர் எழுதிவைத்திருந்த பாஸ்வேர்டைப் பார்த்து, அவர் பெயரிலேயே எனக்கு வீட்டுப்பாடம் அனுப்பினான். டீச்சர் அனுப்பியது என்பதால் திறந்தேன்.'

செண்பகவல்லி நிமிர்ந்து ஜெபஷீலாவைப் பார்த்தாள். "எப்பத் தெரியும் உனக்கு?"

"ரிஜிஸ்டர் எடுக்க வரும்போதெல்லாம் அந்தக் காலண்டரப் பாத்திருக்கோம் டீச்சர்" என்றாள் ஜெபஷீலா. "ஆனா தோணல. நீங்க ஒவ்வொண்ணா தப்பு போட்டுக்கிட்டே வந்தீங்கல்லா. கடைசில இது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. அது இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

ஒரு தப்பு போட்டால் போதும். இன்னும் ஒரு தப்பாக அது இருந்துவிட்டுப் போகும், யாருக்கும் தெரியாது. முதல் வரி இல்லாத புகார் கோர்ட்டில் நொண்டும், அவ்வளவுதான். வேலை இருக்கும், பேரும் இருக்கும். ஜெபஷீலா டீச்சர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், தாள் திருத்தும்போதெல்லாம் பார்ப்பதுபோல.

செண்பகவல்லி முதல் வரிக்கு ரைட் போட்டாள். அடியில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டு, தாளைத் தள்ளி வைத்தாள்.

கற்பகவடிவு படித்துப் பார்த்தாள். மெதுவாக நிமிர்ந்தாள். "இதுல உங்க பேரும் வருதே டீச்சர். உங்க மேலயும் விசாரணை வரும்."

"வரட்டும்."

"உங்களச் சொல்லியும் குத்தமில்ல. அந்தக் கம்பெனிக்காரன் பூட்டு போட்டு வச்சிருந்தான், நீங்க எப்படி வாய் திறப்பீங்க."

தப்பித்துக்கொள்ள நல்ல வழி அது. ஜெபஷீலாவின் முகம்கூட, டீச்சர் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்பதுபோல இருந்தது. செண்பகவல்லி பைக்குள் கையை விட்டாள். காலையில் கிளம்பும்போது புடவைக்கு அடியிலிருந்து எடுத்து வந்திருந்த காலண்டரை, மடிப்பைப் பிரித்து மேசைமேல் விரித்தாள். பதினைந்து பாஸ்வேர்டும் அவளுடைய குண்டு எழுத்தில் இருந்தன.

"இத எழுதி மாட்டுனது நான்" என்றாள். வாய் தடங்கவில்லை. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "இது அவன் பட்டையில நான் படிச்ச பாடம் இல்ல. இதுக்கு அவன் பூட்டும் போடல. அஞ்சு மாசமா நான்தான் சொல்லாம இருந்தேன்."